கண்ணில் வடிகால் டியூப்: ஐந்தாம் வாரக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்

சொட்டு மருந்துக்கும் அடங்காமல், முன்பு செய்த சத்திரசிகிச்சையும் தழும்பேறி அடைபட்டுப்போன குளுக்கோமா (கண்ணுக்குள் நீரின் அமுக்கம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) கண்ணுக்குத்தான் பெரும்பாலும் வடிகால் டியூப் வைக்கிறோம். போன பார்வை இதனால் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். கோர்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) விளிம்பிலிருந்து 8 முதல் 10 மில்லிமீற்றர் பின்னால், கண்ணின் மேல் வெளிப்பக்கத்தில் ஒரு தட்டைத் தைத்து, அதன் டியூபைக் கண்ணுக்குள் நுழைப்போம்; உள்ளிருக்கும் நீர் டியூப் வழியே தட்டுக்கு வடியும்.

டியூப் இரண்டு வகை. அஹமட் வகையில் வால்வு உண்டு. தட்டு 184 சதுர மில்லிமீற்றர். வைக்குமுன் உப்புநீர் பாய்ச்சி, ஒட்டியிருக்கும் வால்வு இதழ்களைப் பிரிக்க வேண்டும்; அதை விட்டால் நீர் வடியாது. முதல் நாளே அமுக்கம் இறங்கும். ஆனால் தட்டைச் சுற்றிச் சவ்வு தடித்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அமுக்கம் மறுபடி ஏறுவதுண்டு. ‘ஒப்பரேஷன் பிழையாகிவிட்டது’ என்று பயப்பட வேண்டாம், பலருக்குச் சொட்டு மருந்திலேயே அடங்கும்.

பேர்வெல்ட், மதுரை அரோலேப் தயாரிப்பு ஆகியவற்றின் பெரிய தட்டு 350 சதுர மில்லிமீற்றர். வால்வு இல்லை. திறந்தபடி வைத்தால் கண் தளர்ந்துவிடும் என்பதால், கரையும் நூலால் டியூபை இறுகக் கட்டிவிடுவோம். முடிச்சுக்கு முன்னால் ஊசியால் இரண்டு மூன்று கீறல் போட்டால் நூல் கரையும்வரை கொஞ்சம் கசியும். நீண்டகாலத்தில் அமுக்கத்தை அஹமட்டைவிடக் கூடுதலாக இறக்குவது இதுதான்.

சிக்கல் வருவது, நூல் கரையும் 4 முதல் 6 வாரத்தில். நீர் சட்டென்று வடிந்து அமுக்கம் விழும், விழித்திரைக்குப் பின்னால் நீர் கோக்கும், சிலவேளை இரத்தமும் கசியும். அந்த நேரம் பழைய அமுக்க மருந்துகளை நிறுத்தாவிட்டால் இன்னும் மோசம். தேயிலைத் தோட்டத்திலோ, அதற்குள் சிவப்பும் நோவும் போய், வேலைக்குப் பெயர் போட்டு மலைக்கு இறங்கிவிடுகிறார்கள்; கூடைக் கயிறு தலையில், நாள் முழுக்கக் குனிவு. கிளினிக் திகதி மறந்துபோகிறது. பஸ் அரிதான தோட்ட டிவிஷனிலிருந்து வர முடியாதவருக்கு அஹமட்டே மேல் என்பது எங்கள் எண்ணம்.

எந்த வகையானாலும் டியூப் கோர்னியாவில் உரசினால் அது மங்கிப்போகும். ஆகவே டியூப் நுழைய 23 கேஜ் ஊசியால் போடும் வழியை ஐரிசுக்கு (கண்ணின் நிறமுள்ள வளையம்) இணையாகப் போடுவோம். வெளியே டியூபின்மேல் தானக் கண்ணின் ஸ்கிளீரா (கண்ணின் வெள்ளைச் சுவர்) ஒட்டு வைப்போம், அல்லது ஸ்கிளீராவுக்குள்ளேயே நீளச் சுரங்கம் வெட்டுவோம். மூடாவிட்டால் மேற்சவ்வு அரித்து டியூப் வெளியே தெரியும், கிருமி நேரே உள்ளே போகும். அதனால் கண்ணைக் கசக்குவதும், ஆறுமுன் பீலித் தண்ணீரில் முகம் கழுவுவதும் கூடாது.

மண் விழுந்ததுபோல் உறுத்தல், திடீர் மங்கல், கடும் நோவு எதுவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன டியூப், எந்தத் திகதியில் வைத்தது என்பதைக் கிளினிக் கொப்பியில் முதலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் பார்க்கும் டொக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.