தடுப்பூசி: பன்றிப் பண்ணையில் ஒரு சொல்லின் பொருள்

கொழும்பில் பன்றி வளர்ப்போருக்கான விளக்கப் பிரசுரமொன்றைத் தமிழாக்கியபோது, நாள்தோறும் கையாளும் ‘தடுப்பூசி’ என்ற சொல்லை நிதானித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. நீர்கொழும்பு, சிலாபம் என நீளும் மேற்குக் கரையோரத்தில் பன்றி வளர்ப்பு பழகிய தொழில். ஊசி ஏற்றிய பின்னும் குட்டிகள் இருமினால், அது எதைத் தடுத்தது என்று வளர்ப்பவர் கேட்பது நியாயமே.

அதன் ஆங்கில மூலச்சொல்லான ‘வக்சீன்’, பசுவைக் குறிக்கும் ‘வக்கா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறுவனொருவனின் கையில் கீறிச் செலுத்தி, பெரியம்மைக்குக் காப்புத் தேடினார். அம்முறை 1802இல் இலங்கைக்கும் வந்தது. ஜென்னரைச் சிறப்பிக்கும் பொருட்டு, பிற நோய்களுக்கான தடுப்பு மருந்துகளுக்கும் அப்பெயரையே வழங்கலாம் என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1881இல் முன்மொழிந்தார்.

தமிழர் முதலில் ‘அம்மைப்பால்’ என்றும் ‘அம்மை குத்துதல்’ என்றும் வழங்கினர். பொருளுக்கு ஒரு பெயர், செயலுக்கு ஒரு பெயர். பின்வந்த ‘தடுப்பூசி’ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அதில் ‘ஊசி’ என்ற பாதி பெரிய இடையூறு அன்று. மூக்கில் இடும் மருந்துக்கு மட்டும் அது பொருந்தாது. இடறுவது ‘தடுப்பு’ என்ற பாதியே.

பன்றிகளின் நாட்பட்ட இருமலுக்கு முதன்மைக் காரணமான மைக்கோபிளாஸ்மா ஹயோநியூமோனியே என்னும் பற்றீரியா, சுவாசக் குழாயின் உட்புறத்து நுண்மயிர்களான பிசிர்களில் ஒட்டி அவற்றைச் சிதைக்கிறது. சளியை வெளியேற்றும் வழி கெடுவதால் பாஸ்ச்சுரெல்லா போன்ற வேறு பற்றீரியாக்களும் நுரையீரலில் இறங்குகின்றன. தடுப்பூசி பெற்ற பன்றியிலும் இக்கிருமி குடியேறும், பிறவற்றுக்கும் பரவும். ஆயினும் நுரையீரற் புண்களும் இருமலும் குறைகின்றன. தின்ற தீனி உடலில் பிடித்து எடை கூடுகிறது. அக்டினோபசிலசு என்னும் வேறொரு பற்றீரியா தரும் கடும் நுரையீரல் அழற்சியில், கொன்ற கிருமியாலான மருந்து பெரும்பாலும் தன்னிலுள்ள அதே உபவகைக் கிருமிக்கு எதிராகவே காக்கும். மூக்கெலும்பு தேயும் நோய்க்கோ, குட்டி ஈனுமுன் தாய்க்கே ஊசி ஏற்றுகிறார்கள். பன்றியின் நச்சுக்கொடி வழியே, கிருமியை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகள் கருவைச் சென்றடைவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே அவற்றைக் கொண்டு சேர்க்கிறது. அம்மைப்பால் என்ற பழைய பெயரை அறிந்தவருக்கு, இங்கே காப்பு உண்மையாகவே பாலாக வருவது மகிழ்ச்சி தரும்.

நோய்க்கு எதிராக உடல் பெறும் காப்பைக் குறிக்க இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘நிர்ப்பீடனம்’ என்ற சொல் இவ்விடத்தில் உதவுகிறது. பீடனம் என்பது துன்புறுத்தல். ‘பீடை’யும் அதன் உறவே. கிருமி நுழையவே கூடாது என்று அச்சொல் கோரவில்லை. நுழைந்தது வருத்தக்கூடாது என்றே கோருகிறது. தமிழகத்தார் வழங்கும் ‘நோயெதிர்ப்பு’ம் ஏறத்தாழ அப்படியே: எதிர்ப்பவர் ஒவ்வொரு முறையும் வாசலிலேயே மறித்துவிடுவதில்லை.

ஊரெல்லாம் வேரூன்றிய ‘தடுப்பூசி’யை மாற்றுவது வீண் முயற்சி என்றே கருதுகிறேன். ஆகவே பிரசுரத்தில் மருந்தைத் ‘தடுப்பு மருந்து’ என்றும், செயலைத் ‘தடுப்பூசி ஏற்றல்’ என்றும் பிரித்து, முதற் பத்தியிலேயே இவ்வாறு எழுதினேன்: “இம்மருந்து கிருமி தொற்றுவதை முற்றாகத் தடுக்காது, நோயின் கடுமையைத் தணிக்கும். காற்றோட்டமும் நெரிசலற்ற கூடும் இதற்குப் பின்னரும் வேண்டும்.”