கட்டிலுக்கடியில் மெஷின், காலையில் ஏறும் சர்க்கரை

போன வாரம் ஒருவர் தடிமனான ஃபைலோடு வந்தார். இரண்டு மாதமாக வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, பிரஷர் மாத்திரையும் கூட்டியாகிவிட்டது, காரணம்தான் பிடிபடவில்லை. "மெஷின் போட்டுத்தானே தூங்குறீங்க?" என்றேன். தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய்க்கு (ஸ்லீப் ஆப்னியா) மாஸ்க் வழியாகக் காற்று தரும் சிபாப் மெஷினைத்தான் கேட்டேன். "ம்ம்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி மேலே ஃபேனைப் பார்த்தார். கொண்டுவந்திருந்த மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். மெஷின் கடைசியாக ஓடி 67 நாள் ஆகியிருந்தது. கட்டிலுக்கடியில், பையில் பத்திரமாக இருக்கிறதாம்.

இந்த மாதம் இவர் நான்காவது ஆள்.

நால்வரும் சொன்னது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், அதுக்கு அடிமையாயிடக் கூடாதேன்னு நிறுத்திட்டேன்." ஐயா, அடிமையாவதற்கு அதில் என்ன இருக்கிறது? வெறும் காற்று. தூக்கத்தில் தளர்ந்து மூடிக்கொள்ளும் தொண்டையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைப்பதுதான் சிபாப்பின் மொத்த வேலை. 1981-ல் காலின் சல்லிவன் குழு சிட்னியில் இதை அறிமுகப்படுத்தியபோதும் இதேதான். பத்து நாளில் முடித்துவிட இது ஆன்டிபயாடிக் கோர்ஸ் இல்லை. முட்டுக் கொடுத்த வாழை நிமிர்ந்து நிற்கிறதே என்று யாராவது அந்தக் கழியை உருவுவார்களா? நீங்கள் "நல்லாத்தான்" இருந்ததே மெஷின் ஓடியதால்தான்.

நிறுத்திய ஓரிரு நாளிலேயே பெரும்பாலோருக்கு மூச்சடைப்பு திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு அடைப்புக்கும் உடம்பு ஆபத்து மணி அடிக்கிறது, பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் ஹார்மோன் பாய்கிறது. 2011-ல் சூரிச் ஆய்வு ஒன்றில் இரண்டு வாரம் மெஷினை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்து போட்டவர்களோடு ஒப்பிட்டால், காலை நேர மேல் பிரஷர் சராசரியாக 8.5 கூடியது. 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், நிறுத்தியவர்களின் ரத்தத்தை இரவு முழுக்க எடுத்துப் பார்த்தார்கள். கார்ட்டிசால், குளுக்கோஸ், கொழுப்பு அமிலங்கள் மூன்றுமே கூடியிருந்தன. முன்னிரவில் அடங்கிக் கிடக்க வேண்டிய ஹார்மோன் கார்ட்டிசால். அது விழித்துக்கொண்டால் கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், இன்சுலின் பேச்சும் சரியாக எடுபடாது. ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவதில் என்ன பயன்? இவருடைய சர்க்கரைக்கு இது மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மாத்திரையைக் கூட்டுமுன் மெஷினைப் பற்றி யாருமே கேட்கவில்லை. சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுவதும் இதில் சேர்த்தி. மூடிய தொண்டையோடு மூச்சை இழுக்க நெஞ்சு போராடும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. ரத்தத்தில் நீர் மிஞ்சிவிட்டதென்று அது ஏமாந்து, "தண்ணீரை வெளியேற்று" என்று சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. பழி புராஸ்டேட் மேல் விழுகிறது!

அப்புறம், மெஷின் போட்டால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எகிறும் என்பவர்களை நம்ப வேண்டாம், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதை ஊசியாகப் போட்டுக்கொண்டால் மூச்சடைப்பு மோசமாகவும் கூடும்.

சரி, என்ன செய்வது? மூக்கு காய்ந்தால் ஈரப்பதம் கூட்டும் வசதி இருக்கிறது. காற்று முகத்தில் அறைந்தால் அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் அமைப்பு இருக்கிறது. எடை குறைந்திருந்தால் மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து பார்த்து முடிவெடுப்போம், நீங்களாக வேண்டாம். மெஷின் பழுதான நாட்களில் ஒருக்களித்துப் படுங்கள். மதுவும், கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. பகலில் கண் சொக்கினால் வண்டியைத் தொடாதீர்கள். ஆபரேஷனுக்குப் போனால் மெஷினையும் எடுத்துப் போங்கள், மயக்க மருந்து கொடுப்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நிறுத்திவிட்டீர்களா, அதையும் சொல்லுங்கள். திட்டுவேன், ஆனால் கேட்பேன்.

அந்த ஃபைல்காரரிடமும் அப்படித்தான் கேட்டேன். அடிமை, பழக்கம் எல்லாம் சும்மா. மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்திப் புண்ணாகியிருக்கிறது, தழும்பு இன்னும் கருத்துத் தெரிந்தது. மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். சரியாகப் பொருந்த ஐந்து நிமிடம் ஆனது.