மீக்கடத்தி, கதிர்ப்பழுது: சொல் விளக்கம்

மின்தடை அடியோடு அற்றுப்போன பொருள் மீக்கடத்தி. 1911இல் லைடன் ஆய்வகத்தில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னசு பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு (ஏறத்தாழ −269 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்தபோது இந்த நிலை முதலில் தெரிந்தது. அவர் வைத்த பெயரின் முன்னொட்டு 'சுப்ரா', இலத்தீனில் 'மேலே'. ஆங்கிலத்தில் அது 'சூப்பர்' ஆயிற்று. 'மீமிசை'யில் உள்ள நம் 'மீ' அதற்கு அப்படியே பொருந்துகிறது. அதை 'மிகைக்கடத்தி' என்று அழைத்தால் கூடுதலாகக் கடத்துவது என்றுதான் பொருள்படும். தடை சுழியாவது வேறு நிலை.

இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் கிரையோஜெனிக் எஞ்சின் சோதனைக்கு எரிபொருளாகும் திரவ ஹைட்ரஜனின் கொதிநிலை ஏறத்தாழ 20 கெல்வின். 39 கெல்வினில் மீக்கடத்தியாக நிலைமாறும் மக்னீசியம் டைபோரைடுக்கு அந்தக் குளிரே போதும். நயோபியம்-டைட்டேனியம் உலோகக்கலவை 9 கெல்வினுக்கும் கீழே போக வேண்டும். அதற்குத் திரவ ஹீலியம்தான்.

இனி கதிர்ப்பழுது, அதாவது கதிர்வீச்சால் பொருளுக்கு நேரும் சேதம். விண்ணில் வரும் புரோட்டான் மோதினால் அணு தன் இடத்தைவிட்டுத் தெறிக்கும். யிட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு என்ற மீக்கடத்தியில் ஆக்சிஜன் இடம்பெயர்ந்தால் நிலைமாறு வெப்பநிலை இறங்கும். ஆனால் 'பழுது' என்பதோடு நின்றால் பாதி விளக்கம்தான். காந்தப்புலத்தில் வைத்த மீக்கடத்திக் கம்பிக்குள் 'பாய இழைகள்', அதாவது காந்தப்புலத்தின் மெல்லிய இழைகள், நுழைகின்றன. மின்னோட்டம் அவற்றைத் தள்ளும். இழை நகர்ந்தால் வெப்பம், வெப்பத்தோடு தடை. தெறித்த அணு விட்ட குறையில் இழை சிக்கி நிற்கும், முளையடித்துக் கட்டிய மாடு போல. இதுவே பாயப்பிணிப்பு. ஆகவே முதலில் கம்பி தாங்கும் மின்னோட்டம் கூடுகிறது! அணு உலையின் வேக நியூட்ரானில் சதுர சென்டிமீட்டருக்குச் சில 10¹⁸ நியூட்ரான்கள் வரை இந்த ஏற்றம். அதைத் தாண்டினால் குறைகள் நெருங்கி, மீக்கடத்தும் பகுதியே சுருங்கி, எல்லாம் இறங்கும்.

செயற்கைக்கோள் தன் ஆயுளில் வாங்கும் புரோட்டான் கணக்கு பொதுவாக இதற்கு வெகு கீழே. அதனால் கம்பியைவிட, அதைச் சுற்றிச் செய்த சுருளின் எபாக்சிப் பிசின் காப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கதிர் பட்டு அது நொறுங்கும் தன்மை பெறும்; விரிசலில் பிறக்கும் சிறு வெப்பமே 4 கெல்வின் சுருளை 'குவென்ச்' ஆக்கிவிடும், அதாவது மீநிலை முறிவு: மீக்கடத்தும் நிலை திடீரெனப் போய்விடுவது. பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் நாடா கதிரைக் கூடுதலாகத் தாங்கும்.

சோதிப்போர் குளிர்நிலையிலேயே கதிர் பாய்ச்சி, சூடாக்காமல் அளக்க வேண்டும். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் இடம்பெயர்ந்த அணுக்களில் ஒரு பங்கு திரும்பிவிடும். பழுது குறைவாகத் தெரியும். பிறகு சூடாக்கி, மறுபடி குளிர்வித்து அளந்தால் எவ்வளவு மீண்டது என்பதும் கிடைக்கும்.