உரிமம் பெற்ற .32 கைத்துப்பாக்கி: வாங்கும்போதும் இடுப்பில் வைக்கும்போதும்

தற்காப்புக்கென உரிமம் வாங்கிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஓர் ஆளை நோக்கிச் சுட நேராமலேயே காலம் முடித்துவிடுவார்கள். தவறி வெடிப்பது மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. அது வெடிக்கும் நேரங்களும் மாறுவதில்லை. இரவு வீட்டுக்கு வந்து தோட்டாவை இறக்கும்போது, காலையில் ஏற்றும்போது, உறையில் திரும்பச் செருகும்போது, துடைக்க உட்காரும்போது, "காலிதான், பாருங்க" என்று நண்பரிடம் நீட்டும்போது. இந்த எல்லா நேரத்திலும் துப்பாக்கி கையில் இருக்கிறது, சுட வேண்டிய தேவை மட்டும் இல்லை. ஆகவே எந்தத் துப்பாக்கி என்று யோசிக்கும்போது, எதை மிகக் குறைவாகத் தொட்டால் போதும், எது காலியா இல்லையா என்று சந்தேகமில்லாமல் பார்க்க முடியும் என்பதையே முதலில் பாருங்கள்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு 9 மி.மீ. பிஸ்டல் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. அது இந்தியாவில் பொதுமக்களுக்கு உரியதல்ல. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையோ, படையினர் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாக்களையோ சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. மிஞ்சுவதில் நடைமுறையில் எல்லோரும் வாங்குவது .32 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்). கான்பூரில் தயாராகும் ஆறு தோட்டா எம்கே-3 ரிவால்வர், 2014இல் வந்த சுமார் 500 கிராம் எடையுள்ள நிர்பீக், 2023இல் வந்த 76 மி.மீ. குழல் கொண்ட பிரபல், ஈஷாப்பூரின் அஷானி பிஸ்டல் ஆகியவை அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகள். கைமாறி வரும் பழைய வெளிநாட்டு ரிவால்வர்களும் சந்தையில் உண்டு.

இங்கேயே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. ரிவால்வர் தோட்டாவையும் பிஸ்டல் தோட்டாவையும் கடையில் ".32" என்றே சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்: கூடு (மருந்து நிரம்பிய உலோகக் குப்பி) 23 மி.மீ. நீளம், அடியில் அகன்ற விளிம்பு. பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி: கூடு 17 மி.மீ., அடி விளிம்பு கூட்டைவிடச் சற்றே அகலம், அதற்கு மேல் ஒரு பள்ளம். நீளமான ரிவால்வர் தோட்டா பிஸ்டலின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) நுழையாது, அதனால் அந்தப் பக்கம் பிழை நேராது. ஆனால் குட்டையான பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களில் நழுவி இறங்கி, அந்தச் சின்ன விளிம்பில் தொங்கி நின்றுவிடும், வெடிக்கவும் செய்யும். ரிவால்வர் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. நடுவில் மடிந்து திறக்கும் பழைய ரிவால்வரின் கீலும் கொக்கியும் அந்தக் கூடுதல் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தோட்டா வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள முழுப்பெயரையும் குழலில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் எண்ணை நம்பாதீர்கள்.

ரிவால்வரா, பிஸ்டலா? மாதம் ஒருமுறைகூடச் சுடுதளத்துக்குப் போக வழியில்லாதவர் ரிவால்வர் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. திறந்தால் சுழலும் சிலிண்டரில் தோட்டா அமரும் எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஒரு தோட்டா கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. .32 பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் பலத்தாலும் ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் பகுதி) எடையாலும் மட்டுமே பின்னுதைப்பைத் தாங்குபவை, அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். கைமூட்டு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் ஸ்லைடைப் பாதி இழுத்து விட்டுவிடுவார்கள். பாதி இழுத்த ஸ்லைடு தோட்டாவைக் குறுக்கே கவ்விக்கொண்டு நிற்கும்.

ரிவால்வருக்கும் ஒரு விலை உண்டு. ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியல்) இழுக்காமல் நேராக டிரிகரை அழுத்தினால் ஐந்து, ஆறு கிலோ விசை வேண்டும். கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். காலி என்று இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகு, கடைக்காரரிடம் போலித் தோட்டா கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரை நோக்கிப் பிடித்து, குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, டிரிகரை முழுதாக அழுத்துங்கள். நாணயம் விழாமல் பத்து முறை அழுத்த முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த ரிவால்வர் உங்கள் கைக்கு ஒத்ததல்ல, அல்லது பழக இன்னும் காலம் வேண்டும். பிடி சரியா என்று பார்க்கக் குழலும் முன்னங்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும், அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரை எட்ட வேண்டும். எட்டாதவர்கள் கையைத் திருப்பிப் பிடிப்பார்கள், உதைப்பு கட்டைவிரல் மூட்டில் விழும். மிக இலேசான துப்பாக்கி இடுப்புக்குச் சுகம், சுடும் கைக்குச் சுகமல்ல.

பழையது வாங்கினால் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து அசைத்தால் கீலில் ஆட்டம் இருக்கக் கூடாது. டிரிகரை அழுத்திப் பிடித்த நிலையில் சிலிண்டர் பக்கவாட்டில் உருளக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.15 முதல் 0.25 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. அந்த இடைவெளி வழியாகத்தான் சுடும்போது சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிவைப்பார்கள். ரிவால்வரில் அந்த விரல் சிலிண்டரைத் தாண்டவே கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: துப்பாக்கி விழுந்து ஹேமரில் அடிபட்டால், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி அதைத் தொடாமல் தடுக்கும் அமைப்பு இதில் இருக்கிறதா? இல்லை என்றாலோ, தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றாலோ, ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுங்கள். டிரிகரை அழுத்தும்போது சிலிண்டர் சுழன்று நிரம்பிய அறை தானே மேலே வந்துவிடும், நீங்கள் இழப்பது ஆறாவது தோட்டாவை மட்டும்தான்.

இறக்கும் முறை

வீட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தோட்டாவை ஏற்றுங்கள், அங்கேயே இறக்குங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் காய்ந்த மணலை வாய்வரை நிரப்பி, அந்த இடத்தில் தரையில் வையுங்கள். அடுக்குமாடியில் தரைக்குக் கீழேயும் கூரைக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள், "பாதுகாப்பான திசை" என்று ஒன்று தானாக அமைவதில்லை. அதை அந்த வாளிதான் தருகிறது. குழலை மணலின் நடுவை நோக்கிச் செங்குத்தாகப் பிடியுங்கள். விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கிச் சட்டகத்தின் மேல் நீட்டியபடி இருக்கட்டும். கைபேசி அடித்தால் எடுக்காதீர்கள், யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள்.

பிஸ்டல் என்றால் முதலில் மேகசின். அதைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். பிறகு ஸ்லைடை முழுதாக இழுங்கள், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும், அதைக் கையால் பிடிக்க முயல வேண்டாம். ஸ்லைடைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் பாருங்கள், சுண்டுவிரலை நுழைத்துத் தொட்டும் பாருங்கள். விளக்கு மங்கலாக இருந்தாலும் விரல் பொய் சொல்லாது.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் முதலில் ஸ்லைடை இழுக்கிறார். ஒரு தோட்டா வெளியே விழுகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறார். ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிடுகிறது. அதன் பிறகு அவர் மேகசினைக் கழற்றுகிறார். அவர் கையில் மேகசின் இருக்கிறது, மேசையில் ஒரு தோட்டா கிடக்கிறது. காலியாகிவிட்டது என்று மனம் முழுதாக நம்பிவிடுகிறது, டிரிகரை அழுத்துகிறார். செய்தது இரண்டும் சரியான வேலைதான், முன்பின் மாறிப்போனதுதான் பிழை.

ரிவால்வரில் அந்த ஆபத்து ஹேமரில் இருக்கிறது. பின்னால் இழுத்து நிறுத்திய ஹேமரைச் சுடாமல் மெல்ல இறக்குவது, வியர்த்த கையோடும் நடுங்கும் விரலோடும் செய்யக்கூடாத வேலை. தற்காப்புக்கு ஹேமரை இழுக்கவே வேண்டாம் என்று பழகிக்கொள்ளுங்கள், இறக்க வேண்டிய நிலையே வராது. வந்துவிட்டால், குழல் மணலை நோக்கியிருக்க, இடது கட்டைவிரலை ஹேமருக்கும் சட்டகத்துக்கும் நடுவே வைத்து, வலது கட்டைவிரலால் ஹேமரை அழுத்திப் பிடித்து, டிரிகரைத் தொட்டு, ஹேமர் அசைந்த உடனே டிரிகரை விட்டுவிடுங்கள். பிறகு இடது விரலை மெதுவாக உருவிக்கொண்டே ஹேமரை இறக்குங்கள்.

தவறி வெடித்தாலும் ஆள் சாகாமல் இருக்கக் காரணம் குழல் வேறு பக்கம் இருந்ததுதான். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் உலகெங்கும் கற்றுக்கொடுக்கப்படுகின்றன: எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதே, அழிக்க விரும்பாததை நோக்கிக் குழலைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை டிரிகரில் விரல் வைக்காதே, இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் எது என்று தெரிந்துகொள். கவனித்துப் பார்த்தால், உயிர் போக இவற்றில் குறைந்தது இரண்டு ஒரே நொடியில் மீறப்பட வேண்டும்.

உறை

துப்பாக்கிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டு உறைக்கு ஐந்நூறு ரூபாய் கணக்குப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல உறை டிரிகர் வளையத்தை முழுவதும் மூடும். காலித் துப்பாக்கியை வைத்துத் தலைகீழாகக் குலுக்கினால் விழாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் அதன் வாய் திறந்தே நிற்கும். பழகித் தொய்ந்துபோன தோல் உறையின் உதடு உள்நோக்கி மடியும், திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு டிரிகர் வளையத்துக்குள் புகுந்து விரலின் வேலையைச் செய்துவிடும். சட்டை நுனியும் அப்படியே. ஆகவே செருகும்போது சட்டையை இடது கையால் ஒதுக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். எடுப்பதில் வேகம் தேவைப்படலாம், வைப்பதில் ஒருபோதும் தேவைப்படாது.

வேட்டி கட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். மடியில் சொருகிய துப்பாக்கிக்குப் பிடிமானமே இல்லை. குனிந்தால் நழுவும், நழுவியதும் கை தானாகப் பாய்ந்து பிடிக்கும், பாயும் விரல் போய் நிற்கும் இடம் டிரிகர். வேட்டிக்கு மேல் அகலமான, விறைப்பான பெல்ட் கட்டி அதில் உறையை மாட்டுங்கள். எந்த உடையில் இருந்தாலும், விழும் துப்பாக்கியைப் பிடிக்காதீர்கள். விழட்டும்.

பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு பிணைத்த உறையிலோ, முழுதும் மூடிய பையிலோ உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே உள்ளது. எடுத்துக் காட்டி மிரட்டுவது தடை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைப்பையில் வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கிக்கு மட்டுமே ஒரு தனி அறை உள்ள பையை வைத்துக்கொள்ளுங்கள். சாவியும் பேனாவும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

வியர்வை, எண்ணெய், பழைய தோட்டா

நம் கடலோர ஊர்களில் துப்பாக்கியைக் கெடுப்பது சுடுவதல்ல, வியர்வை. உடலை ஒட்டியிருக்கும் பக்கம் ஒரே வாரத்தில் துருப்புள்ளி கட்டும். தோல் உறை அந்த உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே இரவில் துப்பாக்கியை உறையோடு பூட்டி வைக்காதீர்கள். மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகி டிரிகர் அமைப்பை ஒட்டவைக்கும். எந்த எண்ணெயும் தோட்டாவின் அடியில் படக் கூடாது. அங்கே உள்ள ப்ரைமருக்குள் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) கசிந்தால் தேவைப்படும் நேரத்தில் வெடிக்காது.

பிஸ்டலில் தினமும் அதே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாகப் பின்வாங்கும், உள்ளழுத்தம் கூடும். புதிய தோட்டா ஒன்றின் அருகில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பயிற்சியில் சுட்டும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கிலேயே வைத்து 30 வினாடி பொறுங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலில் சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

வீட்டில்

தலையணைக்கு அடியும் பீரோ மேல்தட்டும் கார் டேஷ்போர்டும் ஒளித்து வைக்கும் இடங்கள்தான், பூட்டி வைக்கும் இடங்கள் அல்ல. குழந்தைக்கு வீட்டில் தெரியாத இடம் கிடையாது. டிரிகர் கனமாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். விரல் பலம் போதாத குழந்தை துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் துப்பாக்கியும், வேறு பூட்டில் தோட்டாவும் இருக்கட்டும், சாவி உங்களிடம் மட்டும். தோட்டா இல்லாமல் பயிற்சி செய்யும் அறைக்குள் உண்மைத் தோட்டா ஒன்றுகூட வரக் கூடாது. பயிற்சி முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பூட்டிவிடுங்கள். முடித்துவிட்டுத் தோட்டாவை ஏற்றியபின் "இன்னும் ஒரே ஒரு முறை" என்று அழுத்திச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கும் எஸ்-1 சான்றிதழை (துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கானது) வெறும் காகிதமாக வாங்காமல், உண்மையாகவே சுட்டுப் பழகி வாங்குங்கள். தற்காப்பு உரிமையும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளுக்கு உட்பட்டதுதான். தேவைக்கு மேற்பட்ட தீங்கை அது அனுமதிப்பதில்லை, அந்தப் பிரிவுகளை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் வீட்டிலேயே வாளிக்கு மேல் இறக்கி, சிலிண்டரையோ ஸ்லைடையோ திறந்த நிலையில் கொண்டுபோய், தோட்டாவைத் தனி உறையில் எண்ணிக் கொடுத்து, வரிசை எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும்போதும் ரசீதைப் பார்க்கும் முன் சேம்பரைப் பாருங்கள்.