ரியல் டைம் கிளாக்: இதில் எது ரியல்?

முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காகச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டைத் திறந்தோம், பத்து மாதம் பூட்டிக் கிடந்த வீடு. வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதி) ஐயா காலத்துச் சுவர்க்கடிகாரம் சாவி கொடுக்க ஆளில்லாமல் நாலே காலில் நின்றிருந்தது, அது வழக்கம்தான். பழைய கம்ப்யூட்டரைப் போட்டால் அதுவும் 2009 ஜனவரி 1 என்கிறது. பிரவுசரோ எந்தத் தளத்தின் சான்றிதழும் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று அடம். காரைக்குடிக் கடைக்காரரைப் போனில் கேட்டேன். "சிமாஸ் பேட்டரி போயிருக்கும்ணே, மாத்திருங்க" என்றார். பக்கத்தில் இருந்த அப்பத்தா கேட்டது: "அதுக்கும் சாவி கொடுக்கணுமாப்பா?"

ஆமாம், கிட்டத்தட்ட அதேதான்.

சிமாஸ் என்பது உண்மையில் சில்லு செய்யும் ஒரு முறையின் பெயர், கடைப் பேச்சில் அது பேட்டரிக்கு ஒட்டிக்கொண்டது. அந்த பேட்டரி காப்பாற்றுவது சில்லுக்குள் இருக்கிற ரியல் டைம் கிளாக் என்ற குட்டிக் கடிகாரத்தை. அதன் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். இந்தக் கணக்கு எதற்கு என்றால், அதைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை வெட்டினால் சரியாக ஒன்று மிஞ்சும், அதுதான் ஒரு நொடி. பேட்டரி சிஆர்2032, அதாவது 20 மிமீ விட்டம், 3.2 மிமீ கனம், 3 வோல்ட். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அதற்குப் பெரிய வேலை இல்லை. மெயினை அணைத்து வீட்டைப் பூட்டினால் முழுச் சுமையும் அதன் தலையில், அதனால்தான் எங்கள் ஊர் மாதிரிப் பூட்டிய வீடுகளில் சீக்கிரம் தீர்ந்து போகிறது.

சிஸ்டம் கிளாக் வேறு. கம்ப்யூட்டர் எழும்போது இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) அந்தக் குட்டிக் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பிறகு தானே எண்ணத் தொடங்கும். திரையில் நாம் பார்ப்பது இதைத்தான். இணையம் இருந்தால் என்டிபி என்ற நேரம் ஒத்துப்பார்க்கும் முறை வழியாக அவ்வப்போது திருத்திக்கொள்ளும் (அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் 1985-இல் கொடுத்த வழி, இன்றும் ஓடுகிறது). படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளைக்கு 1.7 நொடி, மாதத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல். அதனால் திருத்திய நேரத்தைக் குட்டிக் கடிகாரத்திலும் திரும்ப எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை எழும்போது பழைய பிசகோடுதான் எழும். இன்னொரு வேடிக்கை: விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் பொதுவாக உலக நேரத்தை (யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னே). ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைத்தவர்களுக்கு மாற்றி மாற்றி ஐந்தரை மணி நேரம் இடிக்கும்.

சரி, தமிழில் என்ன? நிகழ்நேரக் கடிகாரம் என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நிகழ்நேரம் என்றதும் கிரிக்கெட் ஸ்கோர் உடனுக்குடன் வருகிற ஞாபகம்தான் வரும், இங்கே ரியல் டைம் என்பது வெறும் நாள், மணி, நிமிடம். எந்தக் கடிகாரம்தான் அதைக் காட்டவில்லை? சில்லில் இருப்பதை வன்பொருள் கடிகாரம், திரையில் தெரிவதை இயங்குதளக் கடிகாரம் என்றால் குழப்பம் தீர்ந்தது.

கிளாக்கின் வேர் கிளோக்கா என்ற இடைக்கால லத்தீன் சொல், பொருள் மணி, அடிக்கிற மணி. நாமும் "மணி என்ன?" என்றுதானே கேட்கிறோம்! கடிகாரம் வேறு வழியில் வந்தது: வடமொழி கடிகா, சின்னக் குடம். துளையிட்ட பாத்திரத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழ்வதை வைத்து நாழிகை எண்ணினார்கள். நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60.

அதைவிடப் பழைய சொல் கன்னல். முல்லைப்பாட்டில் 'குறுநீர்க் கன்னல்' வருகிறது, உரைகாரர்கள் நாழிகை வட்டில், அதாவது நீர்க்கடிகாரம் என்கிறார்கள். அங்கே அரசன் கன்னலை எட்டிப் பார்ப்பதில்லை. 'பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்' வந்து இத்தனை நாழிகை என்று சொல்கிறார்கள். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்: பிரவுசர் சில்லைப் பார்ப்பதில்லை, இயங்குதளத்தைக் கேட்கிறது. எங்கள் வீட்டில் கன்னல் வற்றிப்போனதால் பொய்யா மாக்களே 2009 என்று பொய் சொன்னார்கள்.

புது பேட்டரி போட்டு, பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) தேதியைத் திருத்தியாயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது எப்படியும் மெயினை அணைக்கத்தான் போகிறோம், அதனால் இன்னொரு சிஆர்2032 வாங்கி, சுவர்க்கடிகாரத்துச் சாவி கிடக்கிற அதே டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.