லடாக் கோட்டைகளுக்கு ஒரு வாரம்: எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கிறீர்கள்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து லடாக் கிளம்புகிறவர்கள் மருத்துவரிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மூச்சுத் திணறாம இருக்க ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க." மாத்திரை எழுதுவது இரண்டு நிமிட வேலை. அதற்கு முன் நாங்கள் வாங்கிப் பார்ப்பது பயணத் திட்டத்தை. எந்த ஊரைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அதில் எங்களுக்கு முக்கியமில்லை. எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கிறார்கள் என்பதே முக்கியம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த எண்கள்தான்.

வழக்கமான ஏழு நாள் திட்டம் இப்படி இருக்கும். முதல் நாள் காலை தில்லியிலிருந்து விமானத்தில் லே. அன்று மாலையே அரண்மனை. இரண்டாம் நாள் சுற்றுப்புறம். மூன்றாம் நாள் 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாயைத் தாண்டி நூப்ரா பள்ளத்தாக்கு. நான்காம் நாள் பாங்கோங் ஏரிக்கரையில் கூடாரம். லே 3,500 மீட்டர். பாங்கோங் ஏறக்குறைய 4,250 மீட்டர். 500 மீட்டர் உயரத்தில் வாழ்ந்த உடம்பு நான்காம் இரவே 4,250 மீட்டரில் படுக்கிறது, அதுவும் மருத்துவமனையிலிருந்து பல மணி நேரத் தொலைவில். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. அந்தத் திட்டத்தில் இந்த விதி முதல் நாளே உடைந்துவிடுகிறது. விமானத்தில் போகும் எல்லாருக்கும் அது உடையத்தான் செய்யும். அதனால்தான் அடுத்து வரும் நாட்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

"ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனையோ தடவை போயிருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130. மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் படுத்தால்தான் தலைகாட்டும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்றாலும், அங்கே அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கீழே வந்து தூங்குகிறோம். ஆகவே நம் மலைகளில் பட்ட அனுபவத்தை வைத்து லேயில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது.

உடல் வலுவும் இதில் காப்பு இல்லை. தினமும் கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலை ஏறி இறங்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் வரும். பார்க்கப்போனால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் முதல் நாளே ஓடுவார். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே கிருஷ்ணகிரி கோட்டையோ ராயக்கோட்டையோ தீர்த்தமலையோ வாரம் மூன்று முறை ஏறுங்கள். காலுக்கும் இதயத்துக்கும் அது நல்லது. ஆனால் அது லேயின் உயரத்துக்கு உடம்பைப் பழக்காது.

லேயில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் இங்கே உள்ள அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குப் போகும் ஆக்சிஜன் குறைவு. உடம்பு வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டப் பார்க்கும். அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரப் பக்கம் சாயும். உடனே மூளை மூச்சின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும். சிறுநீரகம் ரத்தத்தின் காரப் பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை இரவில் மூச்சு விட்டு விட்டு வரும், திடுக்கென்று விழிப்பு வரும், காலையில் தலை கனக்கும். உடம்பு பழகும் வேலையை அந்த இரண்டு மூன்று நாளில் செய்கிறது. அதை எதனாலும் முற்றிலும் சுருக்க முடியாது.

கோட்டைகளுக்கும் பழைய அரண்மனைகளுக்கும் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. லடாக்கின் முக்கியமான பழம் இடங்கள் கணவாய்களுக்கு மேலே இல்லை. சிந்து நதிப் பள்ளத்தாக்கில், லேயின் உயரத்திலோ அதற்குக் கீழேயோதான் இருக்கின்றன. அவற்றை மட்டும் பார்ப்பதென்றால் ஒரு வாரம் தாராளமாகப் போதும். பாங்கோங்கையும் கர்துங் லாவையும் அதே வாரத்தில் திணிப்பதுதான் சிக்கல். திணிக்காதீர்கள் என்று நேராகவே சொல்வோம். பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும்போது அவற்றைப் பார்க்கலாம்.

நாள் கணக்கு

லேயில் இறங்குவதற்கு முந்தைய இரவு தில்லியில் படுத்துத் தூங்க வேண்டும். லே விமான நிலையத்தில் பிற்பகலில் காற்று வலுப்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். காசு மிச்சம் என்று இரவு முழுக்க தில்லி விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களின் முதல் நாள் தலைவலி உயரத்தால் வந்ததா தூக்கமின்மையால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு நகரம் 90 கிலோமீட்டர்தான். ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளியிலிருந்தே நெரிசல் ஆரம்பிக்கும் என்பதால் விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்பாவது வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

முதல் இரண்டு நாள், அதாவது முழு 48 மணி நேரம், லேயில் ஓய்வு. இறங்கியதும் நன்றாகத்தான் இருக்கும். அந்த நல்ல உணர்வுதான் பலரையும் ஏமாற்றுகிறது. மலை நோயின் அறிகுறிகள் போய்ச் சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறாதீர்கள், தரைத்தளத்தில் அறை கேளுங்கள். இரண்டாம் நாள் மாலை கடைவீதியில் சமதளமாக ஒரு நடை போதும்.

மூன்றாம் நாள் ஷே. லேயிலிருந்து 15 கிலோமீட்டர், ஏறக்குறைய அதே உயரம். லடாக் அரசர்களின் பழைய இருப்பிடம் இது. பதினேழாம் நூற்றாண்டு அரண்மனையும், செம்பில் செய்து பொன் முலாம் பூசிய 12 மீட்டர் உயரப் புத்தரும் இருக்கிறார்கள். மேலே ஏறும்போது, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு துண்டு துண்டாகிறது என்றால் நின்றுவிட வேண்டும்.

நான்காம் நாள் மேற்கே 40 கிலோமீட்டரில் பாஸ்கோ. இந்தப் பயணத்தின் உயிரே இந்த இடம்தான் என்பது எங்கள் எண்ணம். 1680களில் திபெத்–மங்கோலியப் படையின் நீண்ட முற்றுகையைத் தாங்கிய கோட்டை. இன்று மண் செங்கல் சுவர்கள் கரைந்து, மலையே கோட்டையாகவும் கோட்டையே மலையாகவும் தெரியும். உள்ளே மைத்ரேயர் கோயில்களின் சுவரோவியங்கள் பிழைத்திருக்கின்றன. ஊர் மக்களே முன்நின்று செய்த பராமரிப்புக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பாராமகால் (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கருங்கல் கோட்டைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு மதில் மேல் ஏறுவது பழக்கம். இங்கே அது கூடாது. மண் சுவர் கால் வைத்தால் உதிரும், சரிவில் சரளை வழுக்கும். அன்றிரவு அல்ச்சி கிராமத்தில் படுங்கள். அது 3,100 மீட்டர், லேயை விட 400 மீட்டர் தாழ்வு. பலருக்கும் நிம்மதியான முதல் தூக்கம் அங்கேதான் கிடைக்கும்.

ஐந்தாம் நாள் அல்ச்சியிலிருந்து லாமாயூரு மடாலயம் போய்த் திரும்பலாம். ஆறாம் நாள் லே அரண்மனையும் அதற்கு மேலே மலையிலுள்ள நம்க்யால் செமோ மடாலயமும். ஜன்னலைத் திறந்தால் தெரிகிறதே என்று முதல் நாள் மாலையே எல்லாரும் ஏறிவிடுகிற ஒன்பது மாடி அரண்மனை இதுதான். கடைசிக்கு வையுங்கள். ஏழாம் நாள் காலியாக இருக்கட்டும். வானிலையால் விமானம் ரத்தாவது லேயில் சகஜம்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் விமான நிலையத்திலிருந்து நேராக அல்ச்சிக்கே போய் முதல் இரண்டு இரவும் அங்கே தங்கலாமே என்று கேட்பதுண்டு. படுக்கும் உயரத்தை மட்டும் பார்த்தால் சரியான யோசனை. ஆனால் ஆக்சிஜன் வசதியுள்ள பெரிய அரசு மருத்துவமனை லேயில் இருக்கிறது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவருக்கு லேயே பாதுகாப்பு. வேறு நோய் எதுவும் இல்லாதவருக்கு அல்ச்சி.

மாத்திரையும் மற்றவையும்

அசிடசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கிடைப்பது, 125 மில்லிகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று. லேயில் இறங்குவதற்கு முந்தைய நாள் தொடங்கி, இறங்கிய பிறகு இரண்டு நாள் தொடர வேண்டும். 250 மில்லிகிராம் மாத்திரையாக வாங்கிப் பாதியாக உடைத்தால் ஒருவருக்கு நான்கு மாத்திரை போதும். இரண்டு கூடுதலாக வையுங்கள். இந்த மருந்து பைகார்பனேட்டை வெளியேற்றும் சிறுநீரகத்தின் வேலையை வேகப்படுத்துகிறது. விரல் நுனியில் மதமதப்பு வரும், சிறுநீர் அதிகம் போகும், சோடா ருசிக்காது. இவை பயப்பட வேண்டியவை அல்ல. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, வீட்டிலிருக்கும் ஒரு நாளில் ஒரு வேளை போட்டுப் பாருங்கள்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு வரும் என்று பலரும் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் டப்பா, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடம் வரும். ஆபத்தில் இருப்பவருக்கு மணிக்கணக்கில் ஆக்சிஜன் தேவைப்படும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எடுத்துப் போகலாம். ஆனால் லேயில் முதல் நாள் 85 முதல் 92 வரை காட்டுவது சாதாரணம். கோவிட் காலத்து 94 என்ற எல்லையை மனதில் வைத்துப் பதறாதீர்கள். கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். கூட வந்தவர்களைவிட ஒருவருக்கு மட்டும் வெகுவாகக் குறைந்து, அவர் சோர்ந்தும் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது கொஞ்சம் அதிகம். இன்சுலின் உறைந்தால் வீண். சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலும், குளிர் இரவில் உள்சட்டைக்குள்ளும் வையுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் தலைவலி, சோர்வு, தடுமாற்றம்தான் வரும். மலை நோய்க்கும் அதே அறிகுறிகள். எனவே முதலில் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை அவசியம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் நீர் வற்றி, பசியும் குறையும்போது அவற்றால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அசிடசோலமைடும் அதே பக்கம்தான் தள்ளும். ரத்த அழுத்தம் முதல் சில நாள் கூடும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மாரடைப்பு வந்தோ ஸ்டென்ட் வைத்தோ ஆறு மாதம் ஆகாதவர்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். கிளம்பும் வாரம் சளி, காய்ச்சல் இருந்தாலும் தேதியை மாற்றுவதே நல்லது. நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து அப்போது அதிகம்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கே உரிய இன்னொன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த பெரியவர்கள் சிலருக்கு முதுகெலும்பும் விலா மூட்டுகளும் இறுகியிருக்கும். நெஞ்சுக்கூடு முழுதாக விரியாவிட்டால், வேகமாக மூச்சுவிட்டு உயரத்தை ஈடுகட்டுவது கடினம். குனிந்து தரையைத் தொட முடியாத முதுகு உள்ள பெரியவரை அழைத்துப் போவதற்கு முன் நுரையீரல் கொள்ளளவுச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி இருந்தால் அது மலை நோய்தான். வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் போட்டு, இருந்த இடத்திலேயே ஒரு நாள் இருங்கள். மேலே போகக்கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது, இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இது பெரும்பாலும் இரண்டாம் இரவுக்குப் பிறகு வரும். தலைவலியே இல்லாமலும் வரலாம். மலை நோய் முற்றினால் மூளை வீங்கலாம், அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. தரையில் நேர்கோடு ஒன்றை வைத்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினால் எழ மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கீழே இறங்கு என்பதுதான் எல்லா நூலும் சொல்லும் முதல் மருந்து. லேயில் அது எளிதல்ல. ஸ்ரீநகர் சாலை 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைத் தாண்டித்தான் போகிறது. மணாலி சாலையில் கணவாய்கள் 5,000 மீட்டருக்கும் மேல். விமானமோ மறுநாள் காலைதான். ஆகவே லேயில் முதல் மருந்து மருத்துவமனை ஆக்சிஜன். நோயாளியைக் காரில் ஏற்றிக் கணவாய் வழியாக இறக்கப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

பெரு நாட்டுக்குப் போய் மச்சு பிச்சு பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். விமானம் இறங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர். இடிபாட்டைவிட விமான நிலையம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். அதனால் இறங்கியதும் 2,800 மீட்டருக்குள் இருக்கும் ஒயாந்தாய்தாம்போ பக்கம் போய் முதல் இரவுகளைக் கழித்து, மச்சு பிச்சுவைப் பார்த்து, குஸ்கோவைக் கடைசியில் வைப்பதே முறை. அங்கே விடுதியிலேயே கோகா இலைத் தேநீர் தருவார்கள். அந்த இலையில் ஒன்றுகூடப் பையில் இருக்கக்கூடாது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கோகா இலை தடைசெய்யப்பட்டது.

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். தினசரி மாத்திரைகள் எதுவானாலும் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கள். பயணம் கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பே ஆலோசனைக்கு வாருங்கள். வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளோடு, ஒவ்வொரு இரவும் தங்கப்போகும் ஊரின் பெயரையும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.