செருப்பு கழன்றது தெரியவில்லை என்றார்

தேனி மாவட்டம் கம்பத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் கழுத்து வலியோடு வருகிறார்கள். "முன்னால் அடிபட்டதா?" என்றால், "இல்லை" என்பார்கள். ஜீப் பள்ளத்தில் இறங்கியபோது தலை கம்பியில் மோதியதை அவர்கள் அடியாகவே நினைப்பதில்லை.

அப்படித்தான் ஒரு அக்கா வந்தார். காலில் செருப்பு கழன்றாலும் தெரியவில்லை, பறித்த காய் விரலிலிருந்து நழுவுகிறது என்றார். வெறும் தேய்மானம் என்று பல மாதம் மாத்திரை சாப்பிட்டிருந்தார். படத்தில், இரண்டாம் கழுத்தெலும்பின் மேல் பல் மாதிரி நிற்கும் முளை தனியே பிரிந்து இருந்தது. புது முறிவின் ஓரம் கூராக, பிசிறாக இருக்கும். இவருக்கு ஓரம் வழவழப்பாகி, வெள்ளைக் கோடாக மூடியிருந்தது. எம்ஆர்ஐயில், புது அடியில் எலும்புக்குள் தெரியும் நீர்க்கசிவு இல்லை. ஆனால் பக்கத்திலேயே தண்டுவடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. நசுங்கி நசுங்கிப் புண்பட்ட இடம் அது.

முளை பிரிந்திருப்பது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. மகள்தான் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜீப் விபத்தை நினைவுபடுத்தி, அன்று எடுத்த ஃபிலிமைப் பரணில் தேடிக் கொண்டுவந்தார். அதில் மெல்லிய, கூரான ஒரு கோடு. அன்று யார் கண்ணிலும் படவில்லை.

சரி, மற்றவர்களுக்கு? ஐந்து-ஆறு, ஆறு-ஏழாம் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு குறுகுவதும், ஓரத்தில் எலும்பு முளைப்பதும் வயதானால் வலியே இல்லாதவர்களுக்கும் வரும். மேலும் கீழும் நன்றாக இருக்க, ஒரே இடம் மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தால் பழைய அடியைப் பற்றித் துருவிக் கேட்பேன். "கழுத்தின் வளைவு குறைந்து நேராக இருக்கிறது" என்ற வரியைப் படித்துப் பயப்பட வேண்டாம். தசை இறுகினாலும், படம் எடுக்க நின்ற விதத்தாலும் அப்படித் தெரியும்.

இன்னொன்று: பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஏழு கழுத்தெலும்பும், முதல் மார்பு முள்ளெலும்பின் மேல்பகுதியும் தெரிய வேண்டும். சுமை தூக்கித் திரண்ட தோள் கீழ் எலும்புகளை மறைத்துவிடும். அப்போது கையைத் தூக்கி இன்னொரு படமோ, சிடி ஸ்கேனோ எடுக்கச் சொல்வோம். செலவைக் கூட்டுவதற்காக அல்ல.

சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். தயவுசெய்து சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்காதீர்கள்.

அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நடை தேறிவிட்டது, விரல் மரப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பழைய ஃபிலிமையும் புதியதையும் மகள் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் மறக்காமல் கொண்டுவருகிறார்.